கட்டை சுமந்தவன் முகம்

மாலை ஏழு மணிக்கு மேல் கலசப்பாக்கத்துத் தெரு ஒன்றில் மெல்ல நடந்து செல்பவர், எந்த வீட்டிலும் நுழையாமலே ஒரு தொலைக்காட்சித் தொடரை முழுவதுமாகக் கேட்டுவிடலாம். முதல் வீட்டு மாமியார் தொடங்கி வைத்த வசவுக்கு மூன்றாம் வீட்டுச் சன்னலிலிருந்து மருமகள் மறுமொழி தருவாள். தெருமுனையை அடைவதற்குள், இருவருக்கும் நடுவே நின்று கலங்கும் மகனின் குரலும் வந்து சேரும். நோயாளிகளைச் சந்திக்கவும் அன்பியக் கூட்டங்களுக்குச் செல்லவும் அந்த வேளையில் நடந்து பழகியவர் நாம். ஆதலால் நாம் காதால் பார்த்த தொடர்கள் பல. கண்ணால் பார்த்தவை சில.

திரைக்கலையை நாம் முறையாகக் கற்றவரல்லர். குருமடத்தில் நமக்குக் கற்பிக்கப்பட்டவை மெய்யியலும் இறையியலுமே. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவை பற்றி நம் உபதேசியாரின் மகனுக்குத் தெரிந்த அளவுகூட நமக்குத் தெரியாது. ஆயினும், தன் மக்கள் எதைக் கண்டு அழுகிறார்கள், எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்பதை அறியாத ஆயன், மந்தை மேயும் நிலத்தை அறியாதவன் அன்றோ? எனவே, போகிற போக்கில் படம் பார்க்கும் ஒருவரின் கருத்துகளாகவே இவற்றை வாசகர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். இவற்றின் இடையே நம் குற்ற அறிக்கை ஒன்றும் உண்டு. உண்மையில் அதைச் சொல்வதற்காகவே எழுதத் தொடங்கினோம்.

நம் சிறு வயதில் ஊருக்கு வெளியே இருந்த கீற்றுக் கொட்டகையில் 'அன்னை வேளாங்கண்ணி' ஓடியது. 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம் நம் ஊர்க் கொட்டகையை வந்தடையச் சில ஆண்டுகள் ஆயின. மாதா தோன்றும் காட்சியில், மணல் தரையில் அமர்ந்திருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டனர். அவர்களுள் நம் அன்னையும் ஒருவர். அந்த நேரம் பார்த்து முறுக்கு வேண்டுமென்று அடம்பிடித்த நம்மை, "கோயில்ல உக்காந்து தின்பியா?" என்று அதட்டியவரும் அவரே. பின்னர் 1987 சனவரியில் தூர்தர்ஷன் இராமாயணத் தொடரை ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, இந்தியில் ஒரு சொல்லும் அறியாத நம் ஊரார் பஞ்சாயத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடினர். அந்த ஆண்டில் நம் பங்குத் தந்தை தம் மறையுரையைச் சுருக்கக் கற்றுக்கொண்டார். திரைக்கு முன் அமர்ந்த மனிதர் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை, ஏதோ ஒன்றை நம்பத் தயாராகிறார் என்பதை அந்த இரண்டு நினைவுகளும் நமக்கு இன்றும் உணர்த்துகின்றன.

திருச்சபையும் திரையை ஐயத்தோடும் அன்போடும் ஒருங்கே நோக்கி வந்துள்ளது. 1936-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் திரைப்படத்துக்கென்றே ஒரு சுற்றுமடல் வரைந்தார். 1958-இல் புனித கிளாரா தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். நோயுற்றுப் படுத்திருந்த அப்புனிதர், தாம் செல்ல இயலாத கிறிஸ்து பிறப்புத் திருவழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது வரலாறு. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையை வெளியிட்டது. 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், இனித் தொலைக்காட்சி பார்ப்பதில்லை என்று 1990 சூலை 15 இரவில் கார்மேல் அன்னைக்கு வாக்களித்ததாகக் கூறியிருக்கிறார். அவரே 'பாபெத்தின் விருந்து' என்னும் டென்மார்க்குப் படத்தை நெஞ்சாரப் போற்றியதோடு, குடும்பத்தைப் பற்றிய தமது 2016-ஆம் ஆண்டு மடலில் அதை எடுத்துக்காட்டவும் செய்தார். பெட்டியை மூடியவர் கதையை மூடவில்லை. எதைப் பார்ப்பது என்பதைப் போலவே எதைப் பாராதிருப்பது என்பதும் ஆன்மீகத் தேர்வுதான்.

இனி நம் கருத்துகளுக்கு வருவோம்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பொதுவாக எழும் குறை, அவை குடும்பச் செபமாலை நேரத்தைத் தின்றுவிட்டன என்பது. அது உண்மையே. ஆனால் நம் மனத்தில் பட்ட குறை வேறு. தொடரில் யாரும் யாரையும் மன்னிக்க முடியாது. மன்னித்துவிட்டால் தொடர் முடிந்துவிடும். ஒரு மாமியாரின் வஞ்சம் ஐந்நூறு நாட்கள் நீடித்தால்தான் ஐந்நூறு நாட்கள் விளம்பரம் வரும். ஒப்புரவு அருட்சாதனத்தில் பத்து நிமிடத்தில் அவிழ்கிற முடிச்சை அங்கே மூன்று ஆண்டுகள் இறுக்கிக்கொண்டே போகிறார்கள். நாள்தோறும் அதையே பார்க்கும் உள்ளத்துக்கு, பகை நீடிப்பதே இயல்பு என்று தோன்றிவிடாதா?

இப்படி எண்ணிக்கொண்டிருந்த நம்மை ஒரு மூதாட்டி திருத்தினார். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரன் என்னும் அடக்கியாளும் அண்ணனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று திடீரென மறைந்தார். இரண்டு நாட்கள் கழித்து அந்தப் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நம் கையில் பூசைக் காசு வைத்தார். "சாமி, அந்தக் குணசேகரன் ஆத்துமத்துக்கு ஒரு பூச வைங்க. தெனமும் அவனத் திட்டிக்கிட்டே இருந்தேன். செத்துப் போனப்புறம் மனசு கேக்கல" என்றார். தொடர் மன்னிக்காததை அவர் மன்னித்துவிட்டார்! அந்தக் கலைஞருக்காக நாம் மன்றாடினோம். அன்று முதல், தொடர் பார்ப்போரைப் பற்றி மறையுரையில் ஏளனமாகப் பேசுவதை விட்டுவிட்டோம்.

நல்ல தொடர்களும் இல்லாமலில்லை. 2023 சனவரியில் இணையவழி வெளிவந்த 'அயலி'யை, நம் பங்கின் இளம்பெண்கள் கைப்பேசியில் பார்த்துவிட்டு நமக்கும் காட்டினார்கள். பூப்பெய்தியதும் பெண்ணின் படிப்பை நிறுத்தி மணமுடிக்கும் ஊரில், படிக்க விரும்பும் சிறுமி ஒருத்தி தான் பெரியவளானதையே மறைக்கும் கதை அது. எட்டுப் பகுதிகளில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தெய்வத்தின் பெயரால் விதைக்கப்படும் அச்சத்தைத் தெய்வத்திடமிருந்து பிரித்துக் காட்டிய விதம் நம்மைக் கவர்ந்தது. மறைக்கல்வி நடத்துவோர் யாவரும் பார்க்க வேண்டியது அது.

இனி நம் குற்ற அறிக்கை.

2021 டிசம்பர் 17 அன்று 'புஷ்பா' என்னும் தெலுங்குப் படம் வெளிவந்தது. தமிழிலும் குரல் மாற்றி வந்தது. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டும் கூலி ஒருவன், கடத்தல் கூட்டத்தின் தலைவனாக உயரும் கதை. அதன் நாயகன் அல்லு அர்ஜுனுக்கு நாட்டின் சிறந்த நடிகர் விருது 2023-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டாம் பாகம் 2024 டிசம்பர் 5 அன்று வெளியாகி வசூலில் வரலாறு படைத்தது. ஒரு தோளை உயர்த்தி நடப்பதும், தாடியைப் புறங்கையால் தடவுவதும், காலை இழுத்து ஆடுகையில் செருப்பு கழன்று போவதும் சிறுவர் முதல் பெரியவர் வரை யாவருக்கும் பாடமாயின.

படத்தை நாமும் பார்த்தோம். பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தந்தையின் குடும்பப் பெயரைத் தனக்குத் தர மறுக்கும் மாற்றாந்தாய் வழி அண்ணன்மாரின் முன் நாயகன் குன்றி நிற்கும் இடம் நம் நெஞ்சைத் தொட்டது. திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தை பெயர் எழுத வேண்டிய இடத்தில் தலைகுனிந்து நின்ற தாய்மார் சிலரை நாம் அறிவோம். அந்த வலியைப் படம் உண்மையாகவே தொட்டிருந்தது.

ஓர் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாக் கலைநிகழ்ச்சியில், நம் பங்கின் இளைஞர்கள் அப்படத்தின் பாட்டு ஒன்றுக்கு ஆடினார்கள். வாழைத்தண்டுக்குச் சிவப்புத் தாள் சுற்றிச் செம்மரமாக்கி, தோளில் சுமந்துகொண்டு மேடையின் குறுக்கே குனிந்து ஓடினார்கள். இருவர் காவலராக வந்து விசில் ஊதித் துரத்தினார்கள். நாயகனாக ஆடிய சிறுவனின் செருப்பு, படத்தில் போலவே சரியான இடத்தில் கழன்று விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நாமும் கைதட்டினோம். அவர்கள் மேடையை விட்டு இறங்குகையில், மக்களை மகிழ்விக்க எண்ணி, முன்வரிசை நாற்காலியில் இருந்தவாறே நம் மோவாயைப் புறங்கையால் தடவிக் காட்டினோம். 'ஃபாதரே புஷ்பா ஆகிட்டாரு!' என்று எழுந்த சிரிப்பொலி அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண்மணி மகளைக் கைப்பிடித்து எழுப்பி வெளியேறியதை அப்போது நாம் கவனிக்கவில்லை. திருவிழா முடிந்து இரண்டு ஞாயிறுகள் அவர் கோயிலுக்கு வராதபோது, உபதேசியாரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றோம். மலையடிவாரத்தை ஒட்டிய ஒற்றை அறை வீடு. புளி உடைத்துக்கொண்டிருந்தவர், எழுந்து பாய் விரித்தார். சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே அவருடைய கணவரின் படம் மாலையோடு இருந்தது. கணவர் மறைந்தது நமக்குத் தெரியும். எப்படி மறைந்தார் என்று நாம் கேட்டதில்லை. இங்கு வந்து சேர்ந்த புதிதில் குடும்ப விவர ஏட்டில் 'கைம்பெண்' என்று எழுதிக்கொண்டதோடு நிறுத்திவிட்டோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: "சாமி, எங்க ஊட்டுக்காரரு பெங்களூருக்குக் கட்டட வேலைன்னு மேஸ்திரி கூடப் போனாரு. வண்டி போனது ஆந்திராக் காட்டுக்கு. புடிச்சி உள்ள போட்டாங்க. பதினாறு மாசம். பாசை தெரியாது, வக்கீலுக்குக் காசு கெடையாது. வரும்போது இருமிக்கிட்டே வந்தாரு. அப்புறம் ரெண்டு வருசந்தான்." சற்று நிறுத்தி, நம் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அந்தப் படத்துல கட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுறவங்க மொகத்த ஒரு தடவையாச்சும் காட்டுனாங்களா சாமி? எங்க ஊட்டுக்காரரு அப்பிடி ஓடுனவரு."

நாம் நினைவுகூர முயன்றோம். நாயகன் முகம் நினைவுக்கு வந்தது. வில்லன்கள் முகம் வந்தது. சுமந்தவர்களுள் ஒருவர் முகமும் வரவில்லை.

வாசகர்களுக்குச் சில செய்திகளை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திரக் காடுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். அழியும் நிலையை நெருங்கியதால் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டுள்ளது. சீனாவிலும் ஜப்பானிலும் அறைகலன்களுக்கும் இசைக் கருவிகளுக்கும் அதை விரும்பி வாங்குகிறார்கள். கப்பலேற்றுபவனுக்குக் கோடி, வெட்டுபவனுக்குக் கூலி. அந்தக் கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் தேடி வரும் இடங்களுள் நம் ஜவ்வாது மலையும் ஒன்று. சாமையும் புளியும் தேனும் விளைந்தாலும் ஆண்டு முழுவதும் வயிறு நிறையாத மலை. கோடரி பிடிக்கத் தெரிந்த கைகள். முன்பணத்துக்குக் காத்திருக்கும் கடன்கள்.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை அலுவலர் இருவர் கடத்தல் கும்பலால் கொல்லப்பட்டனர். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. அந்தக் கண்ணீரையும் நாம் மறக்கலாகாது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த அதே காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். இறந்தோர் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர்கள். நம் பகுதி மலையடிவாரச் சிற்றூர்களைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். தங்களைத் தாக்கியதால் சுட்டதாகக் காவல்துறை கூறியது. வழியில் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு என்று மனித உரிமையாளர்கள் வாதிட்டனர். எது எவ்வாறாயினும், அந்த இருபது பேரில் ஒருவர்கூடக் கூட்டத்தின் தலைவரல்லர் என்பதை நம் மலை மக்கள் அறிவார்கள். இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படித்தவர்தாம் நாம். படித்தும், ஒரு பாட்டுக்குக் கைதட்டினோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சாமுவேலின் இரண்டாம் நூலில் வரும் நாத்தான் இறைவாக்கினர் நினைவில் நின்றார். அவர் தாவீதிடம் சென்று குற்றம் சாட்டவில்லை. ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுகளையுடைய செல்வன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த கதை. தாவீது நல்ல பார்வையாளர். கதையோடு ஒன்றினார், சினந்தார், செல்வனுக்குத் தீர்ப்பும் எழுதினார். அதன்பின் நாத்தானின் விரல் அரசனையே சுட்டியது. கதை கேட்கையில் நம் அறச்சீற்றம் கூர்மையாகவே இருக்கிறது; அந்தக் கதையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் தெரிவதில்லை. உரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கிய நமக்கு ஒரு நாத்தான் தேவைப்படுகிறார். நமக்கு வாய்த்த நாத்தான் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியர் உவமையையும் அன்றிரவு புதிதாகப் படித்தோம். அதிலும் கள்வர் வருகிறார்கள், அடிதடியும் இருக்கிறது. இன்றைய இயக்குநர் ஒருவர் எடுத்திருந்தால் கள்வர் தலைவனே நாயகனாகி, எரிகோ பாதையில் ஒரு பாட்டும் பாடியிருப்பான். ஆண்டவரோ கள்வரைச் சில சொற்களில் அனுப்பிவிட்டு, சாலையோரம் குற்றுயிராய்க் கிடந்தவனிடமே நின்றுவிடுகிறார். வருவோர் போவோர் யாவரையும் அவன் கிடந்த இடத்திலிருந்தே அளக்கிறார். கதை யார் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது என்பதில்தான் கதையின் அறம் இருக்கிறது.

'புஷ்பா' வெளிவருவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னர்தான், 2021 நவம்பர் 2 அன்று, ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' வெளிவந்தது. 1993-இல் நிகழ்ந்த ஒரு காவல்நிலையக் கொடுமையையும், பின்னாளில் நீதியரசரான வழக்கறிஞர் சந்துரு அதற்காக நடத்திய வழக்கையும் தழுவியது அது. வதைக் காட்சிகள் மிகுதி. வழக்கறிஞர் ஆங்காங்கே நாயகராகிவிடுகிறார். இவை நமக்குத் தோன்றிய குறைகள். ஆனால் கணவனைத் தேடி நிறைமாதத்தோடு அலையும் செங்கேணியின் முகத்தை அப்படம் விட்டு விலகவில்லை. ஆறு வார இடைவெளியில் இரண்டு படங்கள்: ஒன்று காட்டில் ஓடியவனின் தலைவனைக் காட்டியது, மற்றொன்று வீட்டில் காத்திருந்தவளைக் காட்டியது. இரண்டையும் பார்த்த நாம், முதலாவதைத்தான் மேடையேற்றினோம்.

இளைஞர் குழுவினரை அழைத்து நடந்ததைச் சொன்னோம். ஒருவர் சற்று வருத்தத்தோடு கேட்டார்: "ஃபாதர், படத்தைப் படமாப் பார்க்கக் கூடாதா? எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிச்சா எதைத்தான் பார்க்கிறது?" நியாயமான கேள்வி. படம் பார்ப்பது பாவம் என்று நாம் சொல்லவில்லை. உழைத்துக் களைத்தவனுக்கு இரண்டரை மணி நேரம் தலைநிமிர்ந்து நடக்கும் ஒரு கனவு தேவைப்படுகிறது. கூலியாக இருந்தவன் யாருக்கும் பணியாமல் நிற்பதைக் காணும்போது அவன் நெஞ்சு நிமிர்வதை நாம் எப்படிப் பழிக்க இயலும்? ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அந்தக் கனவு என்னவாக இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாமே! அயலார் யார் என்ற கேள்வி திரையரங்கின் இருட்டிலும் நம்மை விட்டுவிடுவதில்லை. இதைச் சொன்னபோது அவர் மறுமொழி சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்வதற்கில்லை.

தவக்காலத்தில் அந்தப் பகுதி அன்பியக் கூட்டம் அப்பெண்மணியின் வீட்டிலேயே நடந்தது. நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். கூட்டத்தின் முன் கேட்பதே முறையென்று தோன்றியது, ஏனெனில் கைதட்டியதும் கூட்டத்தின் முன்புதான். அவர், "பரவால்ல சாமி, ஒங்களுக்குத் தெரியாது" என்றார். தெரியாமலிருந்ததே நம் குற்றம் என்பதை அவரிடம் சொல்ல நா எழவில்லை. வாழைத்தண்டு சுமந்து ஆடிய சிறுவர்களுள் ஒருவன் மெல்ல முன்னால் நகர்ந்து வந்து, "அக்கா, அந்தக் கட்ட நெசமா எவ்ளோ கனம் இருக்கும்?" என்று கேட்டான்.

அவர் தம் கணவர் சொல்லக் கேட்டதைச் சொல்லத் தொடங்கினார். தோல் உரிந்த தோளைப் பற்றி, இரவில் தீ மூட்டக்கூடாத காட்டைப் பற்றி, மரத்தைச் செதுக்கும்போது சட்டையில் படியும் சிவப்புத் தூளைப் பற்றி, வீடு திரும்பிய முதல் நாள் மகளைத் தூக்கியபோது கை நடுங்கியதைப் பற்றி. எட்டு மணி ஆனதை யாரும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவும் இங்கேதான் வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

அன்பு வாசகர்களே, நாம் இன்னும் படம் பார்க்கிறோம். அடுத்த வாரம் உபதேசியாரின் மகன் புதிதாக ஒன்றைக் கைப்பேசியில் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பார்ப்போம், சிரிப்போம், அழுவோம். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் நம்மையே ஒன்று கேட்டுக்கொள்வோம்: இந்தக் கதையில் முகம் காட்டப்படாதவர் யார்? அவர் நம் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறார்?